சிவப்புத் திரையில் வந்த அப்டேற்

2021 ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு மாலைப்பொழுது. பேர்ண் மாநிலத்தில் வசிக்கும், எமக்குத் தெரிந்த அக்கா ஒருவரின் கைத்தொலைபேசிக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. அவர் சுவிசுக்கு வந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கணவருக்கு உணவகமொன்றில் இரவு வேலை. அக்காவுக்கு விடிகாலையில் துப்புரவு வேலை. பிள்ளைகள் இருவரும் பாடசாலையில் டொச் பழகத் தொடங்கியிருந்தார்கள். வந்த எஸ்.எம்.எஸ்.இல் இருந்த இணைப்பை அக்கா அழுத்தினார். திரை முழுவதும் சிவப்பானது. உங்கள் தொலைபேசியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனடியாகப் பாதுகாப்பு அப்டேற்றைப் போடவும் என்று டொச்சில் எழுதியிருந்தது. அதிலே அவருக்கு விளங்கியவை இரண்டு சொற்கள்தான். ஒன்று ஆபத்து, மற்றது அப்டேற்.

“நான் என்ன செய்யிறது, தம்பி? இந்த நாட்டிலை ஒண்டு வந்தால் உடனை செய்துபோட வேணும், பிந்தினால் தண்டம் எண்டுதானே எல்லாரும் சொல்லித் தந்தவை. கேட்ட இடத்திலையெல்லாம் ஓம் எண்டு அமத்திப்போட்டன்” என்று பின்னர் அவர் எம்மிடம் கூறினார்.

அன்றிரவு எதுவும் நடக்கவில்லை. மறுநாள் காலையில் இருந்து முன்பின் அறியாத இலக்கங்களில் இருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. ஒரு சுவிஸ்காரர் கோபத்தோடு ஏதோ பார்சலைப் பற்றிக் கேட்டுச் சத்தம் போட்டார். இன்னொரு பெண் டொச்சில் திட்டிவிட்டு வைத்துவிட்டார். அக்காவின் தொலைபேசி அவருக்குத் தெரியாமலே நூற்றுக்கணக்கானோருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொண்டிருந்தது என்பது அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்ததெல்லாம் தான் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்பது மட்டுமே. பொலிசுக்குப் போனால் பெர்மிற்றில் கை வைப்பார்களோ என்று பயம். கணவர் ஏசுவாரே என்று இன்னொரு பயம். தொலைபேசியை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்துவிட்டு மூன்று நாட்கள் வாய் திறக்கவில்லை. இடையிடையே ஊரில் இருந்து அம்மா எடுப்பாரே என்று அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அந்த இடைவெளிகள் போதுமானவையாக இருந்தன. நான்காம் நாள் கடையில் வங்கி அட்டை வேலை செய்யவில்லை. அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கென்று சேர்த்து வைத்திருந்த 1,800 பிராங் கணக்கில் இல்லை. அன்றைக்கே ஏன் எங்களை அழைக்கவில்லை என்று வங்கியில் கேட்டார்களாம். அக்காவிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

காசு போனதைவிட அந்த மூன்று நாட்கள்தான் எம்மை அதிகம் உறுத்துகின்றன. அதனால்தான் இதை இவ்வளவு விபரமாக எழுதுகின்றோம்.

அக்காவின் தொலைபேசிக்குள் புகுந்தது பெரும்பாலும் ‘புளூபொட்’ எனப்பட்ட கள்ளச் செயலியாகவே இருந்திருக்க வேண்டும். 2020 டிசெம்பரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இது 2021 இல் ஸ்பெயின், பின்லாந்து, ஜேர்மனி, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, சுவிஸ் என்று நாடு நாடாகப் பரவியது. முதலில் உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது என்ற எஸ்.எம்.எஸ். ஆக வந்தது. பின்னர் உங்களுக்குக் குரல் தகவல் ஒன்று காத்திருக்கிறது என்று வந்தது. பத்திரிகைகளும் வானொலியும் புளூபொட்டைப் பற்றி எச்சரிக்கத் தொடங்கியதும், அந்த எச்சரிக்கையையே தூண்டில் இரையாக்கினார்கள். ‘உங்கள் தொலைபேசியில் புளூபொட் புகுந்துவிட்டது, அதை அகற்ற இந்தப் பாதுகாப்பு அப்டேற்றைப் போடுங்கள்’ என்று சிவப்புப் பக்கம் ஒன்றைக் காட்டினார்கள். அந்த அப்டேற்தான் புளூபொட். கள்ளனே ‘கள்ளன், கள்ளன்’ என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடுவது என்று ஊரில் சொல்வார்களே, அதே கதைதான்.

இந்தச் சிவப்புப் பக்கத்தைப் பற்றி நியூசிலாந்து அரசின் கணனிப் பாதுகாப்புப் பிரிவு 2021 இல் எச்சரிக்கை விடுத்தபோது ஒரு முக்கியமான விடயத்தைச் சொன்னது. அந்தப் பக்கம் திரையில் தெரிந்தது என்பதற்காக உங்கள் தொலைபேசி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அது சொல்வதைக் கேட்டுச் செயலியைப் போட்டால்தான் கெடும். அதாவது அக்கா அந்த இடத்தில் பக்கத்தை மூடியிருந்தால் ஒன்றுமே நடந்திராது.

2022 மே மாதத்தில் ஒல்லாந்துப் பொலிசார் புளூபொட்டின் வலையமைப்பைச் செயலிழக்கச் செய்தார்கள். சுவிஸ் உட்பட 11 நாடுகளின் பொலிசார் இதில் சேர்ந்து வேலை செய்ததாக, யூரோபோல் அந்த ஆண்டு ஜூன் 1 ஆம் திகதி அறிவித்தது. புளூபொட் அத்தோடு அடங்கியது. ஆனால் அந்த உத்தியைக் கைவிட எவருக்கும் மனம் வரவில்லைப் போலும். 2024 ஏப்ரலில் ‘புரோக்வெல்’ என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். அது கூகிளின் குறோம் உலாவிக்கு அப்டேற் வந்திருப்பதாகக் காட்டும் போலிப் பக்கத்தின் ஊடாக வந்தது. அதற்கு முன்னரே, 2021 மார்ச்சில், ‘சிஸ்ரம் அப்டேற்’ என்ற பெயரையே வைத்துக்கொண்டு ஒரு உளவுச் செயலி அகப்பட்டிருந்தது. அப்டேற் தேடிக்கொண்டிருப்பதாகத் திரையில் ஒரு வரி காட்டும். பின்னால் செய்திகளைப் படிக்கும், ஒலியைப் பதிவு செய்யும், ஆள் நிற்கும் இடத்தைக் கவனிக்கும்.

எஸ்.எம்.எஸ்.ஐ நம்பமாட்டோம், கடிதத்தையாவது நம்பலாமா என்று நீங்கள் கேட்கலாம். 2024 நவம்பரில் சுவிசில் பல வீடுகளின் தபாற்பெட்டிக்குள் ஒரு கடிதம் விழுந்தது. அரசாங்க வானிலை நிலையமான மெத்தியோசுவிசின் பெயரில், பார்வைக்கு முறையான அலுவலகக் கடிதமாகவே இருந்தது. கடும் காலநிலை பற்றி எச்சரிக்கும் புதிய செயலியை எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றும், கீழேயுள்ள கட்டம் கட்டமான கியூ.ஆர். அடையாளத்தைத் தொலைபேசியால் படம் பிடித்தால் செயலி இறங்கும் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்தக் கோடையில்தான் மிசொக்ஸ் பள்ளத்தாக்கிலும் பிரியன்ஸ் ஊரிலும் வெள்ளம் வந்து வீடுகளை அழித்திருந்தது. ஆகவே எவருக்கும் சந்தேகம் வர நியாயமில்லை. ஆனால் அந்தக் கடிதத்தை வானிலை நிலையம் அனுப்பவில்லை. இறங்கிய செயலி ‘கோப்பர்’ என்ற கள்ளச் செயலி. 383 இற்கும் அதிகமான செயலிகளின் கடவுச்சொற்களைத் திருட அது முயல்கின்றது என்றும், அவற்றுள் வங்கிச் செயலிகளும் அடங்கும் என்றும் சுவிஸ் அரசின் இணையப் பாதுகாப்பு அலுவலகமான பாக்ஸ் அறிவித்தது. சுவிசில் ‘அலேர்ட்சுவிஸ்’ என்று உண்மையான அரசாங்க எச்சரிக்கைச் செயலி ஒன்று இருக்கின்றது. போலி அதே பெயரை ஒரு எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தது. உண்மையான செயலியை நடத்துவது சிவில் பாதுகாப்பு அலுவலகம், வானிலை நிலையமல்ல. வந்து சில வருடங்களேயான எமக்கு இந்த வேறுபாடு எங்கே தெரியப் போகின்றது? இங்கே பிறந்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

மேலே சொன்ன புளூபொட், புரோக்வெல், கோப்பர் எல்லாமே அன்ரொயிட் தொலைபேசிகளைக் குறிவைத்தவை. எம்மவரில் பலர் கையில் வைத்திருப்பதும் அதுதான்.

உள்ளே என்ன நடக்கின்றது

இவை உள்ளே வந்து செய்யும் வேலையைச் சற்று ஆறுதலாகப் பார்ப்போம், ஏனென்றால் தப்பும் வழியும் அங்கேதான் இருக்கின்றது. அன்ரொயிட் தொலைபேசியில் செயலிகள் வழக்கமாக கூகிள் பிளே ஸ்ரோரில் இருந்து இறங்குகின்றன. அங்கேயும் சில வேளைகளில் கெட்டவை நுழைந்துவிடுவதுண்டு. ஆனாலும் வாசலில் ஒரு காவல் இருக்கின்றது. எஸ்.எம்.எஸ். இணைப்பு, கியூ.ஆர். அடையாளம், வட்ஸ்அப் தகவல் ஆகியவற்றின் ஊடாக நேரடியாக இறங்கும் செயலிக் கோப்பை ஏ.பி.கே. என்பார்கள். இதை நிறுவப் போகும்போது, ‘தெரியாத இடத்தில் இருந்து செயலி போட அனுமதிக்கிறீர்களா’ என்று தொலைபேசி உங்களைக் கேட்கும். இது முதலாவது வாசல். இந்தக் கேள்வி வந்த கணத்திலேயே நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது உண்மையான அப்டேற் அல்ல என்று முடிவு செய்துவிடலாம். தொலைபேசியின் சொந்த அப்டேற் ஒருபோதும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

முதலாவது வாசலைத் திறந்துவிட்டால் அடுத்ததாக இன்னொரு அனுமதி கேட்கும். டொச்சில் இதை ‘பெடீனுங்ஸ்ஹில்பன்’ என்பார்கள். தமிழில் ‘அணுகல்தன்மை’ என்று இருக்கும். கண்பார்வை குறைந்தவர்களும் கை அசைக்க முடியாதவர்களும் தொலைபேசியைப் பாவிக்க வேண்டுமென்று செய்யப்பட்ட நல்ல வசதி இது. இந்த அனுமதி பெற்ற செயலி திரையில் உள்ளதை வாசிக்கலாம், உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தலாம். குருடருக்குக் கொடுத்த ஊன்றுகோலைப் பறித்து ஊரை அடிப்பதுபோல, கள்ளச் செயலி இதைக் கைப்பற்றிக்கொள்கின்றது. பிறகு மிச்ச அனுமதிகளையெல்லாம் அது தானே ஓம் என்று அழுத்திக்கொள்ளும். நீங்கள் உங்கள் வங்கிச் செயலியைத் திறக்கும்போது அதன் மேல் அதே மாதிரியான போலித் திரையை விரிக்கும். நீங்கள் எழுதும் இரகசிய இலக்கம் அந்தப் போலித் திரைக்குத்தான் போகும். உறுதிப்படுத்துவதற்காக வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ். இலக்கத்தையும் அதுவே படித்துவிடும். அதை அழிக்கப் போனால் பக்கத்தை மூடிவிடும்.

அக்கா இந்த இரண்டு வாசலையும் தன் கையாலேயே திறந்தார். ‘கேட்ட இடத்திலையெல்லாம் ஓம் எண்டு அமத்திப்போட்டன்’ என்றது இதைத்தான். மொழி விளங்காத இடத்தில் நாம் எல்லோருமே அப்படித்தான் செய்கின்றோம். சோசியல் அலுவலகத்திலும் வைத்தியசாலையிலும் தலையாட்டிப் பழகிய பழக்கம் தொலைபேசியிலும் வருகின்றது. ஆகவே எமது முதல் ஆலோசனை மிகவும் சாதாரணமானது. அன்ரொயிட் தொலைபேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டொச் பழகவேண்டும் என்பதற்காகத் தொலைபேசியை டொச்சில் வைத்திருப்பவர்களை நாம் அறிவோம், நல்ல நோக்கம்தான். ஆனால் என்ன அனுமதி கேட்கப்படுகின்றது என்று வாசித்து விளங்கவேண்டிய இடம் அது. டொச்சைப் பழகப் பேருந்து நிலையமும் பிள்ளைகளின் பாடப்புத்தகமும் இருக்கின்றன.

அடுத்தது, உண்மையான அப்டேற் எங்கே இருக்கின்றது என்பது. அது எஸ்.எம்.எஸ்.இல் வராது, வட்ஸ்அப்பில் வராது, இணையப் பக்கம் ஒன்றில் சிவப்பாகவும் மினுங்காது, தபாலிலும் வராது. ‘அமைப்புகள்’ என்ற பகுதிக்குள், டொச்சில் ‘ஐன்ஸ்ரெலுங்கன்’, அது இருக்கின்றது. சம்சுங் தொலைபேசியில் அதற்குள் மென்பொருள் அப்டேற் என்ற வரி உண்டு. வேறு பல தொலைபேசிகளில் ‘சிஸ்ரம்’ என்பதற்குள் இருக்கும். ஐபோனில் ‘பொது’ என்பதற்குள், டொச்சில் ‘அல்கெமைன்’. குறோம், வட்ஸ்அப், வங்கிச் செயலி போன்றவற்றுக்கான அப்டேற் பிளே ஸ்ரோரில் இருக்கும், ஐபோனில் அப் ஸ்ரோரில். சில வேளைகளில் தொலைபேசி தானாகவே அப்டேற் வந்திருப்பதாக மேலே ஒரு குறிப்புக் காட்டும், அது உண்மையாகவும் இருக்கலாம். சந்தேகமிருந்தால் அந்தக் குறிப்பை அழுத்தாமல் நீங்களாகவே அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். உண்மையானால் அங்கேயும் இருக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘ஐயோ இனி அப்டேற்றே வேண்டாம்’ என்று விட்டுவிடாதீர்கள். அக்காவும் அதற்குப் பிறகு ஒரு வருடம் எந்த அப்டேற்றையும் தொடவில்லை என்று அறிந்தபோது எமக்குத் தலையில் கை வைக்கவேண்டி வந்தது. கள்ளச் செயலிகள் புகும் ஓட்டைகளை அடைப்பதே உண்மையான அப்டேற்றின் வேலை. கைமாறி வந்த பழைய தொலைபேசி வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அமைப்புகளுக்குள் கடைசிப் பாதுகாப்பு அப்டேற் வந்த திகதி இருக்கும். அது இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தியதாக இருந்து, புதிதாக ஒன்றும் வரவில்லை என்றால், தயாரித்த நிறுவனம் அந்தத் தொலைபேசியைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். அதில் ஊருக்குக் கதைக்கலாம், வங்கி வேலை பார்க்க வேண்டாம்.

எம்மிடையே உள்ள ஒரு பழக்கத்தைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. புதுப்படம் பார்க்க ஒரு ஏ.பி.கே., ஊர்ச் சனல்கள் பார்க்க ஒரு ஏ.பி.கே., கூடுதல் வசதியுள்ள வட்ஸ்அப் என்று ஜி.பி. வட்ஸ்அப்புக்கு ஒரு ஏ.பி.கே. என்று கைக்குக் கை மாறுகின்றன. இவை பிளே ஸ்ரோரில் கிடைக்காது, ஆகவே இவற்றின் அப்டேற்றும் அங்கே வராது. மாதத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு இணையப் பக்கம் ‘புதிய பதிப்பைப் போடு’ என்று சொல்லும், நாமும் போடுவோம். தெரியாத இடத்தில் இருந்து போடும் அனுமதி நிரந்தரமாகவே திறந்து கிடக்கும். 2021 ஆகஸ்டில் எப்.எம். வட்ஸ்அப் என்ற இப்படியான ஒன்றின் ஒரு பதிப்புக்குள் ‘ட்ரையாடா’ என்ற கள்ளச் செயலி இருந்ததைப் பாதுகாப்பு நிறுவனமான கஸ்பெர்ஸ்கி கண்டுபிடித்தது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும், அப்டேற் என்பது யாரோ அனுப்பும் இணைப்பில் வரும் என்ற பழக்கத்தை இவை எமக்கு ஏற்படுத்திவிடுகின்றன. 2024 இல் இந்தியாவில் கலியாண அழைப்பிதழ் என்று வட்ஸ்அப்பில் ஏ.பி.கே. அனுப்பி ஏமாற்றினார்கள். கலியாணக் காட், மரண அறிவித்தல், கோவில் திருவிழா நோட்டீஸ் எல்லாமே வட்ஸ்அப்பில் வரும் எமக்கு இது தூரத்துக் கதையல்ல. அழைப்பிதழ் என்றால் படமாக வரும். அதைப் பார்ப்பதற்குச் செயலி நிறுவத் தேவையில்லை.

தவறி நடந்துவிட்டால்

முதலில் தொலைபேசியை விமானநிலைக்கு மாற்றுங்கள், வைபையும் நிற்கின்றதா என்று பாருங்கள். அலுமாரிக்குள் வைத்துவிட்டு இடையில் போட்டுப் பார்க்கக் கூடாது. பிறகு வேறொருவரின் தொலைபேசியில் இருந்து உங்கள் வங்கிக்கு அழையுங்கள். இலக்கம் வங்கி அட்டையின் பின்புறத்திலோ வங்கிக் கடிதத்திலோ இருக்கும், எஸ்.எம்.எஸ்.இல் வந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டாம். கணக்கை நிறுத்தச் சொல்வதற்கு நல்ல டொச் தேவையில்லை. ‘கொன்ரோ ஷ்பெரன்’ என்ற இரண்டு சொல் போதும். ருவின்ற் போன்ற காசு அனுப்பும் செயலி இருந்தால் அதையும் சொல்லுங்கள். கடவுச்சொற்களை மாற்றுவதும் வேறு தொலைபேசியில் அல்லது கணனியில்தான் நடக்கவேண்டும். கெட்ட தொலைபேசியில் இருந்து மாற்றினால் புதியதும் கள்ளனிடம் போய்விடும்.

புளூபொட் புகுந்திருக்கின்றதா என்று அறிய யூரோபோல் இரண்டு அடையாளங்களைக் கூறியிருந்தது. ஒரு செயலியை அழுத்தினால் அது திறக்காது. அதை அழிக்க முயன்றால் பிழை என்று காட்டும். அப்படியென்றால் தொலைபேசியைக் கடையில் வாங்கிய நாளில் இருந்த நிலைக்கு முழுவதுமாகத் திருப்பவேண்டும். கோப்பர் புகுந்தவர்களுக்கும் பாக்ஸ் அலுவலகம் இதையே சொன்னது. இதனால் தொலைபேசியில் உள்ள எல்லாமே அழிந்துவிடும்.

எமது குடும்பங்களுக்கு இது சின்ன விடயமல்ல. ஊரில் அல்பங்கள் எரிந்துபோய், மிஞ்சிய நான்கைந்து படங்களை யாரோ படம் பிடித்து அனுப்பியவை தொலைபேசியில்தான் இருக்கின்றன. பிறப்புச் சாட்சிப்பத்திரம், அகதி வழக்குக்குக் கொடுத்த கடிதங்கள், இறந்துபோனவர்களின் குரல் என்று எல்லாம் அந்த ஒரு கருவிக்குள். அக்கா திருப்பி அமைக்க மறுத்து ஒரு கிழமை வைத்திருந்ததற்குக் காரணம் அப்பாவின் குரல் பதிவு ஒன்றுதான். மூத்த மகளின் வகுப்பாசிரியை ஒருவரின் உதவியோடு படங்களையும் குரல் பதிவையும் மட்டும் கணனிக்கு மாற்றிய பிறகே சம்மதித்தார். உங்களுடையதை இன்றைக்கே ஒரு கணனியிலோ, சிறு சேமிப்புக் குச்சியிலோ, தங்கை தம்பி வீட்டிலோ ஒரு பிரதி வைத்துவிடுங்கள். பிரதி எடுப்பது படங்களும் ஆவணங்களும் மட்டும் போதும். செயலிகளைப் பிறகு பிளே ஸ்ரோரில் இருந்து புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

பொலிசைப் பற்றிய பயத்துக்கு வருவோம். காசு போயிருந்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். வங்கியோடு கதைக்கும்போது முறைப்பாட்டின் பிரதி கையில் இருப்பது நல்லது. நீங்கள் ஏமாற்றப்பட்டவர், குற்றம் செய்தவரல்ல. என், எப், பி என்று எந்தப் பெர்மிற் வைத்திருந்தாலும், ஏமாற்றப்பட்டேன் என்று சொல்வது அதற்குக் கேடு செய்யாது. தனியே போகத் தயக்கமென்றால் டொச் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காசு போகவில்லை, கடிதமோ எஸ்.எம்.எஸ்.ஓ மட்டும்தான் வந்தது என்றால்கூட பாக்ஸ் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் அறிவிக்கலாம், ஆங்கிலத்திலும் படிவம் உண்டு. வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லவேண்டியிருக்கின்றது. மனைவியோ பிள்ளையோ வந்து ‘நான் எதையோ அமத்திப்போட்டன்’ என்றால் முதலில் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து மறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கள்ளனுக்குத்தான் இலாபம்.

அக்காவின் தொலைபேசி இப்போது தமிழில் இருக்கின்றது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிவந்து வாசலில் நிற்கும் நேரத்தில், புதிதாக வந்த தாய்மாரின் தொலைபேசிகளை வாங்கி, அணுகல்தன்மை என்ற இடத்தைத் திறந்து, அங்கே தெரியாத பெயர் ஏதும் அனுமதி பெற்றிருக்கின்றதா என்று பார்த்துக் கொடுக்கிறார். ஒரு தொலைபேசிக்கு இரண்டு நிமிடம்கூடச் செல்வதில்லை. சென்ற மாதம் எமது தொலைபேசியையும் வாங்கிப் பார்த்தார். படம் பார்ப்பதற்கென்று எப்போதோ போட்டு மறந்துபோன ஒரு ஏ.பி.கே. அதில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் எம்மை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதை அழித்தார்.